மனுவில் பெயர் சரியா இருக்கா? கணினியை வெச்சே பார்த்துக்கலாம், வாங்க!

இடையஞ்சாவடி. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி இருக்கிற ஊர். இந்தப் பெயரை நாலு பேரிடம் எழுதச் சொல்லிப் பாருங்க. ஒருத்தர் ‘இடையஞ்சாவடி’ என்று எழுதுவார். இன்னொருத்தர் ‘இடையன்சாவடி’ என்பார். பேச்சில் வருவதை அப்படியே எழுதுபவர் ‘எடையஞ்சாவடி’ என்பார். ஆங்கிலத்தில் கேட்டால் இன்னும் குழப்பம். சிலர் ‘ஐ’ எழுத்தில் தொடங்குவார்கள், சிலர் ‘இ’ எழுத்தில். கடைசி எழுத்து சிலருக்கு ‘ஐ’, சிலருக்கு ‘ஒய்’.

ஊர்க்காரருக்கு எல்லாம் ஒன்றுதான். படிக்கிற அலுவலரும் புரிந்துகொள்வார். ஆனால் இன்று மனு போய்ச் சேர்வது பெரும்பாலும் ஒரு கணினிப் பதிவேட்டுக்குள். கணினிக்கு ஊர் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு பெயர். போதாக்குறைக்கு, சென்னையின் வடபகுதியில் மணலி பக்கமும் இதே பெயரில் ஓர் ஊர் இருக்கு. வட்டமும் மாவட்டமும் இல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால், எந்த ஊர் என்று யார் சொல்வது?

ஆகவே மனு, தீர்மானம், விண்ணப்பக் கடிதம் எதுவானாலும் அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. அதற்கான கருவிகள் நம் கணினியில் இருக்கும் சொல்செயலியிலேயே இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் வேர்டு இருந்தாலும் சரி, கட்டணம் இல்லாத லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இருந்தாலும் சரி. எந்தக் கருவி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில், ‘இது தமிழ்’ என்று கணினிக்குச் சொல்லுங்க

தமிழில் தட்டச்சு செய்துவிட்டுத் திரையைப் பார்க்கிறீர்கள். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. ‘அப்பாடா, பிழையே இல்லை’ என்று நினைக்காதீங்க. தமிழுக்கான பிழைதிருத்தி இயங்காமலே இருந்திருக்கலாம். அப்போது கணினி எதையும் சரிபார்த்திருக்காது.

வேர்டில் உரை முழுவதையும் தேர்வு செய்துகொண்டு, ‘ரிவ்யூ’ பட்டியில் ‘லாங்குவேஜ்’ என்பதன் கீழ் ‘செட் புரூஃபிங் லாங்குவேஜ்’ போய்த் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்ப் பிழைதிருத்தி நிறுவப்படவில்லை என்று சொன்னால், தமிழ் மொழித் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸில் மொழி அமைப்புகளில் தமிழைத் தேர்ந்தெடுத்து, தமிழ் அகராதி இல்லையென்றால் நீட்சியாகச் சேர்க்க வேண்டும். பிறகு இரண்டிலுமே ‘எஃப் 7’ விசையை அழுத்தினால் சரிபார்ப்பு தொடங்கிவிடும்.

இன்னொன்றும் கவனிக்கணும். உரை யூனிகோடில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதமே யூனிகோடைத் தமிழுக்கான குறியீட்டுத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. அந்தக் கோப்பை வேறு கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரும். பிழைதிருத்தியும் அதில் வேலை செய்யாது. யூனிகோடு மாற்றி மென்பொருள் வழியாக ஒருமுறை மாற்றிக்கொண்டு, அதன்பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

சிவப்புக் கோடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பிழைதிருத்தி செய்வது எளிமையான வேலை. நீங்கள் எழுதிய சொல் அதன் அகராதியில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் கோடு போடும். ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் போதும். தமிழில் ஒரு சொல் பல வடிவம் எடுக்கும். ‘வீடு’ என்பது வீட்டில், வீட்டிலிருந்து, வீடுகளுக்கும், வீட்டைத்தான் என்று நீண்டுகொண்டே போகும். அத்தனை வடிவங்களும் அகராதியில் இருக்காது. அதனால் சரியான சொல்லுக்கும் கோடு விழும். கோடு விழுந்தால் ‘நின்று பார்’ என்று பொருள். ‘மாற்று’ என்று பொருள் கொள்ள வேண்டாம்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. கீழே உள்ள வரியைப் படிங்க:

“எங்கள் ஊர்க் குலத்தின் கறை உடைந்து மழைநீர் தெருவுக்குள் வருகிறது.”

ஒரு கோடும் விழாது. ‘குலம்’ தமிழ்ச் சொல்தான், ‘கறை’யும் தமிழ்ச் சொல்தான். ஆனால் உடைந்தது குளத்தின் கரை! வாரிசுச் சான்று கேட்கும் மனுவில் ‘மரித்த’ என்பது ‘மறித்த’ என்று ஆனாலும் இதே கதைதான். இறந்தவர் வழியை மறித்தவராகிவிடுவார். கைப்பேசியில் குரல்வழித் தட்டச்சு செய்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நாம் ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி சொன்னால், கருவி தனக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளும்.

இந்த வகைப் பிழைக்கு ஒரு சின்ன வழி உண்டு. ல-ள-ழ, ர-ற, ந-ன-ண ஆகியவற்றில் உங்களுக்கு எது தடுமாறும் என்பது உங்களுக்கே தெரியும். ‘கண்ட்ரோல்’ விசையோடு ‘எஃப்’ அழுத்தினால் தேடல் பெட்டி வரும். அந்த எழுத்தைத் தேடி, வந்த இடங்களில் மட்டும் நின்று நின்று பாருங்கள். ஒரு பக்க மனுவுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சந்திப் பிழைக்கும் எழுத்துப் பிழைக்கும் தமிழுக்கென்றே உருவாக்கப்பட்ட இணையக் கருவிகளும் இருக்கின்றன. நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப் பிழைகளையும், ‘நாவி’ சந்திப் பிழைகளையும் சுட்டிக்காட்டும். இரண்டையும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: எந்த இணையக் கருவியானாலும் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் இருக்கும் பகுதியை ஒட்ட வேண்டாம். அவற்றை நீக்கிவிட்டு மற்ற வரிகளை மட்டும் சரிபாருங்கள்.

ஊர்ப் பெயரை அகராதியில் சேர்த்துவிடுங்க

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதென்றால், இதைச் செய்யுங்கள்.

பிழைதிருத்திக்கு நம் ஊர்ப் பெயர்கள் தெரியாது. இடையஞ்சாவடி, இரும்பை, குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம், கிளியனூர், அனுமந்தை என்று எதை அடித்தாலும் கோடு விழ வாய்ப்பு அதிகம். கோடு விழுந்து விழுந்து நமக்கும் பழகிப்போய், ஒரு கட்டத்தில் பார்ப்பதையே விட்டுவிடுவோம். அப்போதுதான் உண்மையான பிழை நழுவும்.

அதற்குப் பதிலாக, பட்டாவிலோ குடும்ப அட்டையிலோ இருக்கிற எழுத்தைப் பார்த்து ஊர்ப் பெயரைச் சரியாக ஒருமுறை அடியுங்கள். அந்தச் சொல்லின் மேல் சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி, ‘அகராதியில் சேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி அந்தக் கணினியில் சரியான பெயருக்குக் கோடு விழாது. தவறாக அடித்தால் மட்டும் விழும். இதுவரை தொந்தரவாக இருந்த சிவப்புக் கோடு, இப்போது உங்கள் ஊர்ப் பெயருக்குக் காவலாகிவிடும்.

உங்கள் ஊர், பக்கத்து ஊர்கள், வட்டம், மாவட்டம், ஏரி, குளம் எல்லாவற்றையும் இப்படிச் சேர்த்துவைக்கலாம். இந்தப் பகுதியின் பெரிய நீர்நிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் அது 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பெயரைக் கழுவெளி என்றும் கழுவேலி என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். நீங்கள் எழுதுவது எந்தத் துறைக்கோ, அந்தத் துறை தன் கடிதத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே நீங்களும் எழுதுங்கள். ஒரே மனுவில் இரண்டும் வரக் கூடாது.

சேர்க்கும்போது இரண்டு முறை பார்த்துச் சேருங்கள். தவறான எழுத்தைச் சேர்த்துவிட்டால், கணினி அதையே சரி என்று நம்பிக்கொண்டிருக்கும்.

ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து பெரிய விஷயமா என்று தோன்றலாம். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி எழுதும் அரசாணை வெளியானது. எழுத்துக்கூட்டல் பற்றி விவாதம் எழுந்து, சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஒரு ஊரின் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்பது அந்த அளவுக்குக் கவனிக்கப்படுகிற ஒன்று. நம் அளவில் செய்யக்கூடியது எளிது: ஆதாரில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ, விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுவது. ஆதாரிலேயே தவறு என்றால் முதலில் அதைத் திருத்திக்கொள்வது.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

சில பிழைகளைத் திரையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. வானூரையே பாருங்கள்.

வானூர்
வானூா்

இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. முதலாவதில் கடைசி எழுத்து ‘ர்’. இரண்டாவதில் அது துணைக்காலும் அதன்மேல் ஒரு புள்ளியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது நிறைய வரும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். ‘வானூர்’ என்று தேடினால் இரண்டாவது கிடைக்காது.

கௌரி என்ற பெயரிலும் இதே சிக்கல்தான்.

கௌரி
கெளரி

முதலாவது ‘கௌ’ என்ற ஒரே எழுத்து. இரண்டாவதில் ‘கெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்திருக்கிறார்கள். கணினி அதைக் ‘கெளரி’ என்றுதான் வைத்துக்கொள்ளும். சௌந்தர்யா, மௌனிகா, பௌர்ணமி என்று ‘ஔ’ ஓசை வரும் எந்தச் சொல்லிலும் இதைப் பாருங்கள். ஒருவரின் பெயர் பட்டியலில் இருந்தும் ‘இல்லை’ என்று திரை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கண்டுபிடிக்கும் வழி இது. ‘கண்ட்ரோல்’ விசையோடு ‘எஃப்’ அழுத்தி, பெயரைச் சரியாகப் புதிதாகத் தட்டச்சு செய்து தேடுங்கள். மனுவில் அந்தப் பெயர் ஐந்து இடத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். தேடல் நாலுதான் காட்டினால், ஐந்தாவதில் ஒரு கோளாறு இருக்கு என்று அர்த்தம். அந்தச் சொல்லை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி அடித்துவிடுங்கள்.

‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானில் நிதானம்

ஒரு பெயர் பல இடங்களில் தவறாக இருந்தால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. வேர்டிலும் ரைட்டரிலும் ‘கண்ட்ரோல்’ விசையோடு ‘எச்’ அழுத்தினால் தேடி மாற்றும் பெட்டி வரும். மேலே தவறான சொல், கீழே சரியான சொல். ‘இடையன்சாவடி’ எல்லாம் ஒரே அழுத்தில் ‘இடையஞ்சாவடி’ ஆகிவிடும். ‘இடையன்சாவடியில்’ என்று உருபு சேர்ந்திருந்தாலும் மாறும்.

ஆனால் சின்னச் சொல்லை மாற்றும்போது அவசரப்படாதீங்க. பட்டியலில் ‘மணி’ என்று இருப்பவரின் முழுப்பெயர் சுப்பிரமணி என்று தெரிகிறது. ‘மணி’யைச் ‘சுப்பிரமணி’ ஆக்க எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறீர்கள். கூட்டம் நடந்தது ‘காலை 10 சுப்பிரமணி’ ஆகிவிடும். நம் பக்கத்து வயலில் மணிலா போட்டவர் ‘சுப்பிரமணிலா’ பயிரிட்டவர் ஆவார்! சின்னச் சொல் என்றால் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றும் பொத்தானையே அழுத்துங்கள். தவறிப்போய் மாற்றிவிட்டால், உடனே ‘கண்ட்ரோல்’ விசையோடு ‘இசட்’ அழுத்தினால் பழையபடி வந்துவிடும்.

எண்களைக் கணினி சரிபார்க்காது

மரக்காணம் உப்பளங்களில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். பாத்தியில் நீர் காய வெயில் வேண்டும், உப்பு வார வெயில் வேண்டும். அந்த வேலையில்லா மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 நிவாரண உதவி அளிக்கிறது. இப்படிப்பட்ட உதவிகளுக்குச் சங்கமோ குழுவோ பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது, ஒரு பெயரில் ஓர் எழுத்து, ஒரு கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும், கைக்கு வர வேண்டிய பணம் தாமதமாகலாம். அடுப்பெரிய வேண்டிய நேரத்தில் அந்தக் குடும்பம் அலைய வேண்டியிருக்கும்.

பெயரில் கவனிக்க வேண்டியது: லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி, லஷ்மி நாலும் நமக்கு ஒரே பெயர். வங்கிப் புத்தகத்தில் எது இருக்கிறதோ அதுதான் பட்டியலிலும் இருக்க வேண்டும். தலைப்பெழுத்து முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதையும் பாருங்கள்.

எண்ணில் கவனிக்க வேண்டியது: எந்தப் பிழைதிருத்தியும் எண்ணுக்குக் கோடு போடாது. 112/3 என்ற சர்வே எண் 113/2 ஆனாலும் கணினி சும்மாதான் இருக்கும். ஆகவே எண்களை மட்டும் இரண்டு பேர் சேர்ந்து சரிபாருங்கள். ஒருவர் அசல் ஆவணத்தைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கட்டும், மற்றவர் திரையைப் பார்க்கட்டும். கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி வாசித்தால் இன்னும் நல்லது. பழக்கத்தில் தாண்டிப் போக முடியாது.

வேர்டு தானாகச் செய்யும் ஒரு குறும்பும் இருக்கு. சர்வே எண் 1/2 என்று அடித்தால், அது ‘அரை’ என்று நினைத்து ½ என்ற குறியாக மாற்றிவிடும். 1/4, 3/4 ஆகியவற்றுக்கும் இதேதான். மாறிய உடனே ‘கண்ட்ரோல்’ விசையோடு ‘இசட்’ அழுத்துங்கள், பழையபடி ஆகிவிடும். அடிக்கடி நில ஆவணம் அடிப்பவர்கள் ‘ஆட்டோ கரெக்ட்’ அமைப்பில் இந்த வசதியை நிறுத்திவிடலாம்.

நாலு பேர் சேர்ந்து எழுதும்போது

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சபையில் வைக்க விரும்பும் கோரிக்கையை ஊர்க்காரர்கள் முன்கூட்டியே எழுதித் தயாரிப்பது வழக்கம். ஒருவர் அடிப்பார், இன்னொருவர் திருத்துவார், மூன்றாமவர் சேர்ப்பார். கடைசியில் யார் எதை மாற்றினார்கள் என்றே தெரியாது.

இதற்குத்தான் ‘மாற்றங்களைப் பதிவுசெய்’ வசதி. வேர்டில் ‘ரிவ்யூ’ பட்டியில் ‘டிராக் சேஞ்சஸ்’ என்று இருக்கும். அதை இயக்கிவிட்டால் சேர்த்த சொல் வேறு நிறத்திலும், நீக்கிய சொல் கோடு போட்டும் தெரியும். யார் செய்தது என்பதும் பதிவாகும். ஒவ்வொரு மாற்றத்தையும் ஏற்கலாம், தள்ளலாம். பொதுக் கோரிக்கையில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு வரி காணாமல் போகாது.

அச்சிடும் முன் எல்லா மாற்றங்களையும் ஏற்றோ தள்ளியோ முடித்துவிட்டு, ஓரத்துக் குறிப்புகளையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அடித்தல் திருத்தலோடு அச்சாகிவிடும்.

மனுவுக்கு மெருகு

பிழை போனபிறகு மெருகு. மனுவை அழகுபடுத்துவது என்றால் கடினமான சொற்களைப் போடுவது என்று நினைக்க வேண்டாம். என்ன வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வரியில் ஒரு செய்தி. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. தெருவிளக்கும் பட்டா மாறுதலும் ஒரே தாளில் வந்தால், அது எந்தத் துறைக்குப் போவது?

எழுதி முடித்ததும் கேட்டுப் பாருங்கள். வேர்டில் ‘ரீட் அலவுட்’ வசதி இருக்கு. தமிழ்க் குரல் நிறுவியிருந்தால் கணினியே வாசித்துக் காட்டும். கண் தாண்டிப் போன விடுபட்ட சொல்லைக் காது பிடித்துவிடும். அதற்குப் பிறகு, மனு யாருக்காகவோ அவரிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், தன் பெயர், தன் கணவர் பெயர், தன் நிலத்தின் எல்லை அவருக்குத் தெரியும். ‘கிழக்கால வாய்க்கால்னு போடுங்க, பாதை இல்ல’ என்று அவர்தான் சொல்வார். எந்த மென்பொருளும் அதைச் சொல்லாது.

அனுப்பும் முன் வரிசையாக ஒருமுறை

1. மொழி தமிழ் என்று அமைத்து, ‘எஃப் 7’ அழுத்திச் சரிபார்த்தாச்சா?
2. ஊர், வட்டம், மாவட்டம் மூன்றும் இருக்கா? எல்லா இடத்திலும் ஒரே எழுத்தா?
3. பெயர் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ளபடி இருக்கா?
4. சர்வே எண், கணக்கு எண், தேதி எல்லாவற்றையும் அசலோடு இரண்டு பேர் ஒப்பிட்டாச்சா?
5. மாற்றங்களை ஏற்று, குறிப்புகளை நீக்கியாச்சா?
6. உரியவருக்கு வாசித்துக் காட்டியாச்சா?
7. இணையம் வழி அனுப்புவதானால் ‘பிடிஎஃப்’ ஆகச் சேமித்தாச்சா? அப்போதுதான் எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து கலையாமல் இருக்கும்.

இத்தனைக்கும் அரைமணி நேரம் போதும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்தாலும் சரி, இ-சேவை மையத்தில் பதிவு செய்தாலும் சரி, ஒப்புகை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டில் உங்கள் பெயரும் ஊரும் சரியாகப் பதிவாகியிருக்கா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் அப்போதே சொல்லித் திருத்திக்கொள்வது எளிது. முதல்வரின் உதவி மைய எண் 1100. அங்கே பேசும்போதும் ஊர்ப் பெயரோடு வட்டத்தையும் மாவட்டத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.